ஆப்பிள் சாஸ்: வீட்டில் காய்ச்சி, ஜாடியில் அடைத்து, பரிசாகக் கொடுக்க (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். செப்டம்பர் பிறந்துவிட்டால் வார இறுதிகளில் ஊரே ஆப்பிள் தோட்டத்துக்குக் கிளம்பிவிடும். நாங்களும் போவோம். பிள்ளைகள் ஆளுக்கொரு பை நிறையப் பறிப்பார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அந்தப் பையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்படி மிஞ்சிய ஒரு பெட்டி ஆப்பிளில் தொடங்கியதுதான் எனக்கு இந்தப் பழக்கம். இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் சாஸ் காய்ச்சி ஜாடியில் அடைத்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து வீடு, பள்ளிக்கூட டீச்சர், ஆபீஸ் என்று கொடுக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் செய்ய நினைக்கும் தமிழ்த் தோழிகள் போனில் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சாஸ் என்கிறீர்களே, தக்காளி சாஸ் மாதிரியா?

இல்லை. பேர்தான் சாஸ். ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழ், அவ்வளவுதான். உப்பு, காரம், வினிகர் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தாளிப்பே கிடையாதா?" என்று கேட்டார். இரண்டாம் வாரம் அவரே சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அமெரிக்கர்கள் இதைக் குழந்தைகளுக்கு அப்படியே கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பார்கள். பன்றி இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். யூதர்கள் ஹனுக்கா பண்டிகையில் உருளைக்கிழங்கு அடையோடு சாப்பிடுவார்கள். கேக் செய்யும்போது ஒரு முட்டைக்குப் பதிலாகக் கால் கப் ஆப்பிள் சாஸ் போடும் வழக்கமும் உண்டு. முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள்.

கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, இதைப் போய்ப் பரிசாகக் கொடுப்பார்களா?

கடை சாஸ் தண்ணீராக இருக்கும். எந்த ஆப்பிள் என்று நாக்குக்குத் தெரியாது. தோட்டத்தில் பறித்த இரண்டு மூன்று வகையைக் கலந்து காய்ச்சியதைச் சாப்பிட்டவர்கள் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, நம் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தால் சிலர் "இதில் என்ன இருக்கிறது" என்று தயங்குவார்கள். ஆப்பிள் சாஸ் அவர்கள் பாட்டி செய்தது. ஜாடியைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிடும். நான் இரண்டையும் கொடுப்பேன், அது வேறு கதை.

எந்த ஆப்பிள் வாங்குவது?

ஒரே வகை வேண்டாம். வெந்ததும் கரைந்துவிடுகிற புளிப்பு ஆப்பிள் பாதி, இனிப்பு ஆப்பிள் பாதி. என் கலவை மெக்கின்டாஷும் கோல்டன் டெலிஷியஸும். மெக்கின்டாஷ் அடுப்பில் வைத்த பத்து நிமிடத்தில் தானே குழைந்துவிடும். தோலோடு வேகவைத்தால் சாஸ் லேசான ரோஜா நிறத்தில் வரும். இந்த வகை 1811-இல் கனடாவின் ஒன்டாரியோ பக்கம் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி தன் நிலத்தில் தற்செயலாகக் கண்ட கன்றிலிருந்து வந்தது. இன்று இருக்கும் மெக்கின்டாஷ் மரமெல்லாம் அதிலிருந்து ஒட்டுக்கட்டியே பெருகியவை, நம் ஊர் ஒட்டுமாங்கனி மாதிரி.

அக்டோபர் பாதிக்கு மேல் போனால் நார்தர்ன் ஸ்பை கிடைக்கும். நல்ல புளிப்பு, நல்ல மணம். ஜோனத்தன், கோர்ட்லேண்ட் இரண்டும் நன்றாக வரும். தோட்டமே இல்லாத ஊரில் இருப்பவர்கள் கடையில் வருடம் முழுக்கக் கிடைக்கும் கிரானி ஸ்மித்தோடு காலா அல்லது ஃபூஜியைக் கலக்கலாம். ஹனிகிரிஸ்ப் கடித்துச் சாப்பிடுவதற்கென்றே உருவாக்கிய பழம். விலையும் அதிகம், வேகவைத்தால் அந்த மொறுமொறுப்புக்கு என்ன மதிப்பு? ரெட் டெலிஷியஸ் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, சாஸில் சப்பென்று இருக்கும்.

தோட்டத்தில் மரத்தடியில் விழுந்து கிடப்பதை மலிவாகக் கொடுக்கிறார்களே?

வாங்காதீர்கள். அடிபட்டு அழுகத் தொடங்கிய ஆப்பிளில் வளரும் ஒருவகைப் பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அது முழுக்கப் போகாது. அழுகிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடலாமே என்று கை பரபரக்கும். பரிசாகக் கொடுப்பதற்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். சும்மா தோல் மட்டும் கீறியதோ, கோணலாக வளர்ந்ததோ என்றால் பரவாயில்லை. அதைத் தோட்டக்காரர்களே 'செகண்ட்ஸ்' என்று தனியாகக் குறைந்த விலைக்கு வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

எத்தனை ஆப்பிளுக்கு எத்தனை ஜாடி வரும்?

ஒரு குவார்ட் சாஸுக்கு, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவுக்கு, 3 பவுண்டு ஆப்பிள். அடைத்த ஜாடிகளைக் கொதிக்கவைக்கும் பெரிய பாத்திரத்தில் ஒரு தடவைக்குக் குவார்ட் ஜாடி ஏழு அடங்கும். அதற்கு 21 பவுண்டு, ஒன்பதரை கிலோ. ஒரு புஷெல் என்பது 48 பவுண்டு. அதில் 14 முதல் 19 குவார்ட் வரும்.

முதல் தடவை செய்பவர்கள் புஷெல் வாங்க வேண்டாம். நான் வாங்கினேன். இரவு ஒரு மணிக்கு அடுப்படியில் நின்றபடி, பாதிப் பெட்டியைப் பார்த்து அழுகை வந்தது. 12 பவுண்டு போதும். கால் லிட்டர் அளவுள்ள சின்ன ஜாடியில் நிரப்பினால் 16 வரும், அதாவது 16 பேருக்குப் பரிசு.

தோல் சீவ வேண்டுமா? 12 பவுண்டு சீவினால் கை என்ன ஆவது?

கையால் சுற்றும் சல்லடைப் பாத்திரம் ஒன்று இங்கே கிடைக்கும், ஃபுட் மில் என்பார்கள். வெந்த ஆப்பிளை அதில் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் கூழ் கீழே இறங்கும், தோலும் விதையும் மேலே தங்கும். அது இருந்தால் சீவ வேண்டாம். கழுவி நாலாக வெட்டிப் போட்டால் போதும். பழைய சாமான் விற்கும் கடைகளில் தேடினால் நல்ல எஃகுப் பாத்திரம் சல்லிசாகக் கிடைக்கும்.

அது இல்லையென்றால் தோலும் நடுத்தண்டும் எடுத்துவிட்டு வேகவைத்துப் பருப்பு மத்தால் கடையுங்கள். அங்கங்கே துண்டுகள் நிற்கும். எனக்கு அப்படிப் பிடிக்கும். மிக்ஸியில் அடிக்கலாம், ஆனால் இரண்டு விஷயம். விதை ஒன்றுகூட இருக்கக்கூடாது, அரைபட்டால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. அப்புறம், மிக்ஸி சாஸுக்குள் காற்றை அடைத்துவிடும். அந்தக் காற்று பின்னால் ஜாடி கொதிக்கும்போது தொல்லை கொடுக்கும்.

சரி, சாஸ் காய்ச்சுவது எப்படி?

அடிகனமான அகலப் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் வெட்ட வெட்டக் கறுக்கும். அதற்காக, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் துண்டுகளைப் போட்டு வையுங்கள், வாழைக்காயை நறுக்கி மோரில் போடுவோமே, அதே கதை. எல்லாம் வெட்டியதும் வடித்துப் பாத்திரத்தில் போட்டு, அடி பிடிக்காமல் இருக்க அரை கப் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கூட ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள், ஆப்பிளே தண்ணீர் விடும்.

மூடி வைத்து, நடுநடுவே கிளறுங்கள். வகையைப் பொறுத்து 5 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். மசித்து, திரும்ப அடுப்பில் ஏற்றி, சர்க்கரை போடுவதாக இருந்தால் இப்போது போட்டு, மறுபடி நன்றாகக் கொதி வரவேண்டும். இந்த இடத்தில் கவனம். ஆப்பிள் சாஸ் கொதிப்பது பால் கொதிப்பது மாதிரி இல்லை, களி கொதிப்பது மாதிரி. கொப்புளம் எழும்பி 'ப்ளப்' என்று வெடித்து முழங்கை வரை தெறிக்கும். நீளமான கரண்டி, முழுக்கைச் சட்டை. பிள்ளைகளை அடுப்படிக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

குக்கரில் மூன்று விசில் விட்டால் சீக்கிரம் ஆகிவிடாதா?

இதைக் கேட்காத தமிழர் இல்லை. ஆப்பிள் குழைந்து நுரைத்துப் பொங்கும். அந்த நுரை ஆவி போகும் துளையை அடைத்துவிடும். இங்கே விற்கும் பல குக்கர்களின் கையேட்டிலேயே ஆப்பிள் சாஸ் வைக்காதே என்று எழுதியிருக்கும். திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடத்தில் வேகும் பொருளுக்குக் குக்கர் எதற்கு?

சர்க்கரை எவ்வளவு? ஏலக்காய் போடலாமா?

சர்க்கரை உங்கள் விருப்பம். கெடாமல் இருக்கச் சர்க்கரை தேவையில்லை. ஒரு குவார்ட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டால் லேசான இனிப்பு. நான் பாதி ஜாடிக்குப் போடுவதே இல்லை. பட்டை, ஜாதிக்காய், சுக்குப்பொடி, ஏலக்காய் இவையெல்லாம் காய்ந்த பொருள்கள். கொஞ்சமாகப் போட்டால் தவறில்லை. ஏலக்காயும் ஒரு சிட்டிகை சுக்கும் போட்ட ஜாடிகளைத்தான் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்குகிறார். பட்டை ஜாடிக்குள் இருக்க இருக்கக் காரமேறும், குறைவாகவே போடுங்கள்.

நெய், பால், சோளமாவு, வாழைப்பழம், பரங்கிக்காய் எதையும் சேர்த்து ஜாடியில் அடைக்கக்கூடாது. ஏன் என்று அடுத்த பதிலில்.

கேனிங் என்கிறார்கள், கேன் எங்கே? ஊறுகாய் மாதிரி பாட்டிலில் போட்டு மூடி வைத்தால் போதாதா?

கேன் என்பது பழைய தகர டப்பாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் செய்வது கண்ணாடி ஜாடியில்தான். சாஸை நிரப்பி மூடிய ஜாடியைக் கொதிக்கும் தண்ணீருக்குள் முழுக்க மூழ்க வைத்துக் குறித்த நேரம் கொதிக்க விடுவோம். உள்ளே இருக்கும் பூஞ்சையும் ஈஸ்டும் சாகும், காற்று வெளியேறும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியை இழுத்து ஒட்டவைத்துவிடும். பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர் என்பவர் இந்த வழியைக் கண்டுபிடித்து 1810-இல் அரசாங்கத்திடம் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். ஏன் கெடாமல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வந்து கிருமி என்று சொல்ல அப்புறம் ஐம்பது வருடம் ஆயிற்று.

நம் ஊறுகாய் நிற்பது உப்பாலும் எண்ணெயாலும் புளிப்பாலும். ஆப்பிள் சாஸில் உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. புளிப்பு ஒன்றுதான் துணை. அந்தப் புளிப்பு பெரிய துணை. பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி காற்றில்லாத ஜாடியில் வளரக்கூடியது, ஆனால் புளிப்பைக் காட்டும் பிஎச் எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால் வளராது. ஆப்பிள் பெரும்பாலும் 3.3-க்கும் 4-க்கும் நடுவே. அதனால்தான் இதற்கு வெறும் கொதிதண்ணீர் போதும், பீன்ஸுக்கும் கறிக்கும் அழுத்தக் கலம் வேண்டும். வாழைப்பழமோ பரங்கியோ சேர்த்தால் புளிப்பு நீர்த்துப் போகும்; நெய்யும் மாவும் சேர்த்தால் சூடு நடுவரை ஏறாது. சுவையில் நம் கைவண்ணத்தைக் காட்டலாம். ஜாடி, நேரம், மூடி இந்த மூன்றிலும் காட்டக்கூடாது. நம் வீட்டில் சாப்பிட்டு நமக்கு வயிறு கெட்டால் நம்மோடு போயிற்று. இது இன்னொருவர் வீட்டுக் குழந்தையின் தட்டுக்குப் போகப்போகிறது.

காலி ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் அடைக்கலாமா?

வீட்டுக்கு என்றால் அதில் ஊற்றி ஃபிரிஜ்ஜில் வைத்துச் சாப்பிடுங்கள். அடைப்பதற்கு மேசன் ஜாடி வேண்டும். ஜான் மேசன் என்பவர் 1858-இல் காப்புரிமை வாங்கிய திருகுமரை ஜாடி, பேர் இன்னும் அதுதான். மூடி இரண்டு பாகம்: ஓரத்தில் ரப்பர் பூசிய தட்டை மூடி ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு திருகு வளையம். ஜாடியும் வளையமும் வருடக்கணக்கில் வரும். தட்டை மூடி ஒரே ஒரு தடவைக்குத்தான். அமெரிக்காவில் 'பால்' (Ball), கனடாவில் 'பெர்னார்டின்' என்ற பெயரில் கடையெல்லாம் கிடைக்கும். ஆகஸ்டிலேயே வாங்கிவிடுங்கள், அக்டோபரில் அலமாரி காலியாக இருக்கும்.

வேறென்ன பாத்திரம் வேண்டும்?

ஜாடி மூழ்கி மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும் ஆழமான பாத்திரம், அதன் அடியில் போட ஒரு கம்பித்தட்டு, ஜாடியைத் தூக்கும் இடுக்கி, அகலவாய்ப் புனல். இட்லிப் பானை பலருக்கு ஆழம் போதாது. கம்பித்தட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் முதல் வருடம் விட்டேன். அடுப்பின் சூட்டை நேராக வாங்கிய ஜாடி ஒன்று 'டங்' என்றது, அடிப்பாகம் தட்டு மாதிரி கழன்று நின்றது. அன்று முழுப் பானைத் தண்ணீரும் ஆப்பிள் கஞ்சி.

ஜாடியில் அடைப்பதைப் படிப்படியாகச் சொல்லுங்களேன்.

ஜாடிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, பானையில் சுடுதண்ணீரிலேயே போட்டு வையுங்கள். கொதிக்கும் சாஸைக் குளிர்ந்த ஜாடியில் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். தனியாகக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்க வேண்டியதில்லை, பின்னால் பத்து நிமிடத்துக்கு மேல் கொதிக்கத்தானே போகிறது. தட்டை மூடியைக் கழுவினால் போதும்.

ஒரு ஜாடியை எடுங்கள், தண்ணீரைக் கொட்டுங்கள், கொதிக்கிற சாஸை ஊற்றுங்கள். மேலே அரை அங்குலம் காலி இடம் விட வேண்டும். குறைந்தால் சாஸ் வழியும், கூடினால் காற்று முழுக்க வெளியேறாது. ஒரு மெல்லிய மரக்குச்சியை ஓரமாக விட்டுச் சுற்றி, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்களை எடுங்கள். சாஸ் கெட்டி என்பதால் குமிழ் தானாக மேலே வராது. குமிழ் போனதும் மட்டம் இறங்கும், திரும்ப அரை அங்குலத்துக்கு நிரப்புங்கள். ஈரத்துணியால் ஜாடியின் விளிம்பைத் துடையுங்கள். ஒரு துளி சாஸ் ஒட்டியிருந்தாலும் மூடி ஒட்டாது. மூடியை வைத்து வளையத்தை விரல்நுனியால் திருகும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். முழுப் பலத்தையும் போட்டு இறுக்கினால் காற்று எப்படி வெளியே போகும்?

ஒன்றை முடித்துப் பானையில் இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் இறங்கிய பிறகு பானையை மூடி, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, பானை மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு நேராகத் தூக்கித் துண்டு விரித்த மேடையில் இடைவெளி விட்டு வையுங்கள். சாய்த்துத் தண்ணீர் வடிக்காதீர்கள். 12 முதல் 24 மணி நேரம் தொடவே வேண்டாம்.

எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும்?

நீங்கள் இருக்கும் ஊரின் உயரத்தைப் பொறுத்தது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்; ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். டென்வரில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அதை நேரத்தால் ஈடுகட்ட வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டியில் ஆப்பிள் சாஸுக்குச் சொல்லியிருக்கும் கணக்கு இது. பைன்ட் ஜாடி, அதாவது அரை லிட்டர்: 1,000 அடி வரை 15 நிமிடம், அதற்கு மேல் 6,000 அடி வரை 20, அதற்கும் மேலே 25. குவார்ட் ஜாடி: 1,000 அடி வரை 20, 3,000 வரை 25, 6,000 வரை 30, அதற்கு மேலே 35. கால் லிட்டர் ஜாடிக்குத் தனிக் கணக்கு இல்லை, பைன்ட் நேரம்தான்.

சிகாகோ, டல்லாஸ், டொராண்டோ எல்லாம் ஆயிரம் அடிக்குக் கீழே. அட்லாண்டா நகரம் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டுகிறது, அங்கே பைன்ட்டுக்கு 20. கால்கரி 3,400 அடிக்கு மேல், குவார்ட்டுக்கு 30.

சுடச்சுட ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மூடி ஒட்டிக்கொள்கிறதே?

ஒட்டும். ஒட்டுவது வேறு, கிருமி சாவது வேறு. நானும் ஒரு வருடம் அப்படிக் கவிழ்த்தேன், எல்லா மூடியும் அழகாக 'டிக்' என்றது. நவம்பரில் ஒன்றைத் திறந்தால் மேலே பச்சைப் பஞ்சு. நல்லவேளை, கொடுக்கும் முன் திறந்தேன். மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன்.

பானையில் இருந்து எடுத்ததும் ஜாடிக்கு வெளியே சாஸ் வழிந்திருக்கிறது. கெட்டுப்போனதா?

இல்லை. ஆப்பிள் சாஸ் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொதிதண்ணீரிலிருந்து சட்டென்று எடுத்தால் உள்ளே இருப்பது பொங்கி வெளியே தள்ளும். அணைத்த பிறகு ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். மூடி ஒட்டியிருந்து, கொஞ்சம்தான் குறைந்திருந்தால் சாப்பிடலாம். ஆனால் அந்த ஜாடியை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், விளிம்பு அழுக்காக இருப்பதைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

மூடி ஒட்டியதா என்று எப்படித் தெரியும்?

காது கொடுத்தால் தெரியும். ஆற ஆற ஒவ்வொரு மூடியும் உள்ளே குழியும்போது சத்தம் வரும். இரவு எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் இருந்து ஒவ்வொன்றாக 'டிக்', 'டிக்' என்று கேட்கும். என் கணவர் தூக்கக் கலக்கத்தில் எண்ணிக்கொண்டே படுத்திருப்பார். மறுநாள் மூடியின் நடுவில் அழுத்திப் பாருங்கள். கிண்ணம் மாதிரி உள்வாங்கி அசையாமல் இருந்தால் ஒட்டிவிட்டது. அமுங்கி எழுந்தால் ஒட்டவில்லை: ஃபிரிஜ்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒட்டியவற்றின் வளையத்தைக் கழற்றி, வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, வளையம் இல்லாமலே அலமாரியில் வையுங்கள். பின்னால் எதுவாவது கெட்டு மூடி தளர்ந்தால் உடனே கண்ணில் படும். வளையம் இருந்தால் மறைத்துவிடும்.

எவ்வளவு நாள் இருக்கும்?

குளிர்ச்சியான இருட்டு அலமாரியில் ஒரு வருடம் வரை நல்ல சுவையோடு இருக்கும். மேல்பரப்பு மட்டும் லேசாகப் பழுப்பேறினால் அது காற்று பட்டதால், பயமில்லை. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சாஸ் பீய்ச்சினாலோ, பூஞ்சை தெரிந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

பரிசுக்கு எப்படி அலங்கரிப்பது? லேபிளில் என்ன எழுதுவது?

கொடுக்கும் அன்று வளையத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். மூடிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு வட்டத் துணி வைத்துத் திருகினால் போதும். பழைய சுங்குடிப் புடவையில் வெட்டிய துணி போட்ட வருடம் எல்லாரும் துணியைப் பற்றித்தான் கேட்டார்கள், சாஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

லேபிளில்: என்ன, எந்தெந்த ஆப்பிள், சர்க்கரை போட்டதா இல்லையா, என்ன மசாலா, செய்த தேதி, "திறந்ததும் ஃபிரிஜ்ஜில் வைத்து ஒரு வாரத்தில் முடிக்கவும்". கூடவே எந்தப் பானையில் இறங்கிய ஜாடி என்று ஒரு எண். யாருக்கு எந்த எண் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு ஜாடி கெட்டிருப்பதாகத் தெரிந்தால் அதே பானையில் கொதித்த மற்ற ஜாடிகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று பார்த்துப் போன் செய்யலாம் அல்லவா.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கொடுக்கலாமா?

குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சர்க்கரையும் மசாலாவும் இல்லாத ஜாடி. தேன் ஊற்றிக் காய்ச்சியதை ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும்: சர்க்கரை சேர்க்காத சாஸ் என்றால் சர்க்கரையே இல்லாத சாஸ் என்று பொருளில்லை. ஆப்பிளின் சொந்தச் சர்க்கரையே 100 கிராம் சாஸில் 9, 10 கிராம் இருக்கும். அதை லேபிளில் எழுதிவிட்டால் அவர்களே அளவு பார்த்துக்கொள்வார்கள்.

தபாலில் அனுப்பலாமா? ஊருக்கு எடுத்துப் போகலாமா?

விமானத்தில் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். 100 மில்லிக்கு மேல் போனால் சாஸும் தண்ணீர்க் கணக்குதான். பெட்டியில் போடுங்கள், துணிகளுக்கு நடுவே, ஒவ்வொன்றும் தனிப் பையில்.

தபாலில் அனுப்பினால் உடைவதைவிட உறைவதுதான் எனக்குப் பயம். ஜனவரியில் இங்கே வாசலில் கிடக்கும் பெட்டி ஒரே இரவில் உறைந்துவிடும். சாஸ் உறைந்தால் விரியும், மூடி எழும்பும், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். குளிர்காலத்தில் காரில் ஜாடிகளை மறந்துவிட்டு வந்தாலும் இதே கதிதான்.

இதெல்லாம் வேண்டாம், எளிய வழி இல்லையா?

இருக்கிறது. ஆறவைத்து பிளாஸ்டிக் டப்பாவில், மேலே சற்று இடம் விட்டு, ஃபிரீசரில் வையுங்கள். எட்டு, பத்து மாதம் நன்றாக இருக்கும். பக்கத்துத் தெருவுக்குக் கொடுக்க இதுவே போதும்.

இந்தியாவில் செய்யலாமா?

காய்ச்சிச் சாப்பிடலாம், ஏன் கூடாது? ஆனால் ஆப்பிள் கொஞ்சம் இடைஞ்சல். இமாசலத்தில் ஆப்பிள் விவசாயம் பெருகியது, சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் கோட்கர் பக்கம் ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்ட பிறகு. அவர் பிற்பாடு இந்து மதத்துக்கு மாறி சத்யானந்த் ஸ்டோக்ஸ் ஆனார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சென்னைக் கடையில் கிடைப்பதில் நிறைய அந்தச் சிவப்பு டெலிஷியஸ் வழியில் வந்தவைதான், சாஸுக்குப் புளிப்பு போதாது. பச்சை ஆப்பிளைப் பாதி கலந்து, மெழுகு போக வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஃபிரிஜ்ஜில் வைத்துச் சாப்பிடுங்கள். கொடைக்கானல், ஊட்டியில் இருந்துகொண்டு ஜாடியில் அடைப்பதாக இருந்தால் இரண்டு ஊரும் 6,000 அடிக்கு மேல். நேரக் கணக்கில் கடைசி எண்ணைப் பாருங்கள்.

காலி ஜாடியைத் திருப்பித் தரச் சொல்வது மரியாதையா?

இங்கே அது வழக்கம்தான். லேபிளின் கீழே "ஜாடி திரும்பி வந்தால் மறுபடி நிறையும்" என்று எழுதிவிடுவேன். தட்டை மூடியைத் திருப்பித் தர வேண்டாம், அது ஒருமுறைக்குத்தான் என்றும் சொல்லிவிடுவேன். நம் ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்த வழக்கம் இங்கே யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஜூலையில் பக்கத்து வீட்டு அம்மாள் நான் கொடுத்த ஏலக்காய் ஜாடியைக் கழுவிக் கொண்டுவந்தார். உள்ளே அவர் கையால் காய்ச்சிய புளிப்புச் செர்ரி ஜாம், மூடியில் தேதி, பக்கத்தில் பானை எண் 2.